புரை தீர்ந்த மூலை: புதுவைத் தச்சரின் கோண வெட்டு

முன்னுரை

இரண்டு மரச்சட்டங்கள் ஒரு மூலையிற் கூடுமிடத்து, அவற்றை எவ்வாறு அளந்து எவ்வாறு அறுத்துச் சேர்ப்பது என்னும் வினா, புலவர் ஆராய்ச்சிக்கு உரியதன்று எனச் சிலர் கருதலாம். அது தச்சுப் பட்டறையின் வினா. தமிழ்த்துறைக்கு அதன்கண் யாது வேலை என்றும் கேட்கலாம். ஆயினும், ஒரு மொழியின் சொற்செல்வத்தில் பெரும்பகுதி தொழிலாளர் கையிலும் வாயிலும் வளர்ந்ததாகும். அச்சொற்களின் வரலாற்றை அறியாது இலக்கியத்துள் வரும் மனைகளையும் மண்டபங்களையும் முற்ற உணர்தல் இயலாது. ஆதலின் இப்பொருளை யாம் எடுத்துக்கொண்டோம்.

ஈண்டு ஆராயப்படுவது ஒன்றே. வீட்டின் உட்சுவரிலும் நிலையிலும் கூரையடியிலும் ஓடும் ஓரப்பட்டை மூலையில் திரும்பும்போது, இரு துண்டுகளையும் சாய்வாக அறுத்து முகத்தோடு முகம் பொருத்தும் வேலையைக் கோண வெட்டு என்போம். இன்றைய பட்டறைகளில் ஓரப்பட்டையைப் ‘பீடிங்’ என்றும், அவ்வெட்டை ‘நாற்பத்தைந்து’ என்றும் சொல்லக் கேட்கிறோம். இக்கைவேலை பிரெஞ்சுக்காரரோடு புதுவைக்கு வந்ததென்பது ஒரு சாரார் கொள்கை. அனைத்தும் நம் சிற்பநூல்களில் முன்னரே உளதென்பது மற்றொரு சாரார் கொள்கை. இரண்டும் பாதியே உண்மை என்பது எம் துணிபு. ஓரப்பட்டை என்னும் உறுப்பு புதிது. மூலையை அளக்கும் அறிவு பழையது. அவ்வறிவு கூரையிலிருந்து சுவருக்கு இறங்கி வந்தது என்பதை இக்கட்டுரை நிறுவ முயலும்.

1. ஆராய்ச்சிக்குரிய நிலம்

புதுவையிலிருந்து கடலூர் செல்லும் நெடுஞ்சாலையில், அரியாங்குப்பத்தையும் சுண்ணாம்பாற்றையும் கடந்தபின் வருவது தவளக்குப்பம். தவளம் என்பதற்கு வெண்மை என்பது பொருள். குப்பம் என்பது நெய்தல்நிலச் சிற்றூரைக் குறிக்கும். பெயர்க்காரணம் ஈண்டு ஆராயப்படுவதன்று. இவ்வூர் நிற்கும் இடமே நமக்கு வேண்டுவது. இதன் வடக்கே அரியாங்குப்பத்து ஆற்றங்கரையில் அரிக்கமேடு உள்ளது. அதற்கும் வடக்கே பிரெஞ்சு வீதிகளும் தமிழ் வீதிகளும் கொண்ட புதுவை நகரம் உள்ளது. தென்மேற்கே பாகூர் மூலநாதர் கோயில் உள்ளது. தவளக்குப்பத்து நாற்சந்தியை நடுவாகக் கொண்டு வடக்கும் தெற்கும் ஒரே நாளிற் சென்று மீளக்கூடிய தொலைவுக்குள், செங்கல் மூலை, கல் மூலை, சுதை மூலை, மர மூலை ஆகிய நான்கையும் ஒருவர் காணலாம். ஒரே வினாவுக்கு நான்கு பொருள்கள் தரும் நான்கு விடைகள் அவை.

2. நூலும் புரையும்

தமிழில் ‘நூல்’ என்னுஞ் சொல் இழைக்கும் ஏட்டுக்கும் பொதுவாக வழங்குவது. இப்பொதுமைக்குக் காரணம் கூறப் புகுந்த நன்னூலார், தச்சன் இடும் நூல் மரத்தின் கோணலைப் போக்குவதுபோல அறிவுநூல் மாந்தர் மனத்தின் கோணலைப் போக்கும் என்னும் கருத்தை அமைத்தார். இலக்கணம் வகுத்தோர் தம் தொழிலை விளக்கத் தச்சுப் பட்டறையையே உவமையாக நாடினர் என்பது கருதத்தக்கது. பட்டறை வழக்கிலோ நூல் ஓர் அளவுமாகும். அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு ஒரு நூல். ‘ஒரு நூல் இழைத்துவிடு’ என்று தச்சர் கூறும்போது, கயிறும் கணக்கும் ஒரே சொல்லில் அடங்குதல் காண்க.

பத்துப்பாட்டுள் ஒன்றாகிய நெடுநல்வாடையில் நக்கீரர் அரண்மனை வகுத்த முறையைக் கூறுகின்றார். இருகோல் நட்டு அவற்றின் நிழல் எப்பக்கமும் சாயாத நண்பகலை நோக்கி, நூலறிந்தோர் கயிறிட்டுத் திசை கண்டனர் என்பது அப்பகுதியின் பொருள். அதனையடுத்து வாயில் அமைப்பு வருகின்றது. பருத்த இரும்பாற் பிணித்துச் செவ்வரக்குப் பூசிய இணைக்கதவுகளும், நாண்மீனின் பெயர் பெற்ற மரமும் அங்கே கூறப்படுகின்றன. அம்மரத்தை உத்தரம் என்று உரைகாரர் விளக்குவர். இன்றும் அச்சொல் தச்சர் வழக்கில் உயிரோடு உள்ளது. கைத்திறன் மிக்க கம்மியன் முடுக்கிச் சேர்த்தமையால் அவ்வாயிலில் இடைவெளி இல்லாது போயிற்று என்பதே அவ்விடத்துச் சிறப்பு. அவ்விடைவெளியைக் குறிக்கப் புலவர் ஆண்ட சொல் ‘புரை’ என்பதாகும்.

புரை என்பதற்கு உட்டுளை, இடைவெளி, குற்றம் எனப் பல பொருள் உண்டு. திருக்குறளிலும் இச்சொல் குற்றம் என்னும் பொருளில் வந்துள்ளது. மரவேலையில் இடைவெளியே குற்றமாதலின் இரு பொருளும் அங்கே ஒன்றாகின்றன. தச்சனது திறத்தைப் புலவர் அளந்த கோல் வேலைப்பாட்டின் மிகுதியன்று. இரு மரம் கூடுமிடத்துப் புரை இன்மையே என்பது இதனாற் பெறப்படும். கோண வெட்டின் நன்மை தீமையை அளக்க இன்றளவும் இதனினும் சிறந்த சொல் இல்லை. ஆகவே இக்கட்டுரையில் மூலையிணைப்பின் வாய் திறந்து நிற்பதைப் புரை என்றே வழங்குவோம்.

புறநானூற்றில் ஔவையார் பாட்டொன்று, மரம் வெட்டும் தச்சனுடைய கைவல்ல சிறுவர் கோடரியோடு காட்டிற் புகுந்த நிலையை உவமையாக்குகின்றது. தச்சு குடிவழியாகப் பயிலப்பெற்றது என்பதற்கு அது சான்று. மணிமேகலையோ சோழன் மண்டபத்தைப் பாடுமிடத்து, மகதத்து வினைஞரும் மராட்டக் கம்மரும் அவந்திக் கொல்லரும் யவனத் தச்சரும் தமிழ் வினைஞரோடு கூடி அதனை இயற்றினர் என்கிறது. வேற்றுநாட்டுத் தச்சர் தமிழ்த் தச்சரோடு ஒரே கட்டடத்தில் நின்று வேலை செய்தல் தமிழ்நிலத்திற்குப் புதிதன்று. யவனர் கலங்கள் வந்த அரிக்கமேட்டுக்கு அண்மையிலேயே பிற்காலத்தில் பிரெஞ்சுக்காரர் வந்து வீடு கட்டினர் என்பதை நோக்கும்போது, அக்காப்பியச் செய்தி நமக்கு அணுக்கமாகின்றது.

3. சந்தி கருமம்

சிற்பநூல்களுள் மயமதம் தென்னாட்டில் பெரிதும் போற்றப்பட்டது. வடமொழியில் அமைந்த இந்நூலைப் புதுவைப் பிரெஞ்சு இந்தியவியல் நிறுவனம் பிரெஞ்சு மொழிபெயர்ப்புடன் 1970இலும் 1976இலும் இரு தொகுதிகளாக வெளியிட்டது. பதிப்பித்தவர் புரூனோ தாகென்சு. தச்சு இணைப்புகளை ஆராயப் புகுவோர்க்குப் புதுவையே வாயிலாக அமைந்தமை ஒரு பொருத்தம்.

இந்நூல் கட்டடத் தொழிலாளரை நால்வகைப்படுத்தும். தலைமை தாங்குவோன் தபதி. கயிறு பிடித்து அளப்போன் சூத்திரகிராகி. வெட்டிச் செதுக்குவோன் தட்சகன். உறுப்புகளைப் பொருத்திச் சேர்ப்போன் வர்த்தகி. அளத்தல், அறுத்தல், பொருத்தல் ஆகிய மூன்றும் மூன்று தனித் திறன்கள் என்பதை இப்பகுப்பு காட்டுகின்றது. கோண வெட்டிலும் இம்மூன்றே உள்ளன. இன்று மூன்றையும் ஒருவரே செய்கின்றார் என்பதே வேறுபாடு.

அந்நூலின் பதினேழாம் பகுதி சந்தி கருமம், அதாவது மரங்களை இணைக்கும் வினை பற்றியது. தூண்களை மேலும் கீழுமாக இணைக்கும் மேடயுத்தம், திரிகண்டம், சௌபத்திரம், அர்த்தபாணி, மகாவிருத்தம் என்பவை அங்கே கூறப்படுகின்றன. கிடைமரங்களுக்குரியவற்றுள் மீன்பல் என்றும் பன்றிமூக்கு என்றும் பொருள்படும் பெயருடையனவும் உண்டு. இவ்வுயிர்ப்பான பெயர்கள் ஏட்டில் பிறந்தவையல்ல. பட்டறையிற் பிறந்து ஏட்டில் ஏறியவை என்றே கொள்ளலாம். நாற்புறமும் மரம் சுற்றி வரும் இடங்களுக்கு நந்தியாவர்த்தம், சுவத்திகம் முதலிய அமைப்புகள் கூறப்படுகின்றன.

இவ்விணைப்புகளின் இயல்பை உற்று நோக்குக. இவை பாரம் தாங்குவன. ஒரு மரத்தின் முளை மற்றொன்றன் துளையிற் புகும். அல்லது ஒன்றன்மேல் ஒன்று பாதி வெட்டிப் படியும். நந்தியாவர்த்தம் போன்ற அமைப்பில் ஒவ்வொரு மரத்தின் தலையும் அடுத்ததைக் கடந்து நிற்க, நான்கும் சுழல்போலத் தோன்றும். பழைய தமிழ்வீட்டு வாயில் நிலையும் இத்தகையதே. மேற்கட்டை இருபுறமும் சுவருக்குள் நீண்டு நிற்கும். நிலைக்கால்கள் அதன் அடியில் முளையால் ஏறும். மூலையைப் பாதிப்பாதியாகப் பங்கிடும் வழக்கம் இங்கே இன்றியமையாததன்று. மேற்கட்டை மேற்கட்டையாகவும் கால் காலாகவும் தோன்றுவதே அழகெனக் கொள்ளப்பட்டது. எனவே, ஓரப்பட்டையின் கோண வெட்டு முழுமையும் மயமதத்துள் உளதென்பார் கூற்று ஏலாது.

4. கல்லும் செங்கல்லும் சுதையும்

மரத்தைவிட்டுப் பிற பொருள்கள் மூலையில் திரும்பும் முறையை இனிக் காண்போம். அவ்வாறு கண்டாலன்றி மரத்தின் தனி இயல்பு விளங்காது.

பாகூர் என்றவுடன் நிருபதுங்கவர்மன் காலச் செப்பேடும், அது கல்விநிலையத்துக்கு ஊர்களை அளித்த செய்தியும் தமிழ் மாணாக்கர்க்கு நினைவு வரும். அவ்வூர் மூலநாதர் கோயில் சோழர்காலக் கற்பணி. சோழர் கோயில்களின் அதிட்டானத்தில் உபானம், சகதி, குமுதம், கண்டம், பட்டிகை என வரிவரியாக உறுப்புகள் சுவரைச் சுற்றி ஓடும். மரத்து ஓரப்பட்டைக்கு இவை கல்லுடன்பிறப்பு எனலாம். கற்றச்சன் இவற்றை மூலையில் பெரும்பாலும் சாய்வாக அறுத்துச் சேர்ப்பதில்லை. ஒரே மூலைக்கல்லில் இரு முகத்திலும் உறுப்பைச் செதுக்கி, இணைப்பை மூலையிலிருந்து விலக்கி நேர்ச்சுவரில் வைப்பான். கல்லுக்கு நார் இல்லை, எத்திசையிலும் செதுக்கலாம். ஆதலின் மூலையில் புரை என்னும் இடர் அவனுக்குப் பெரிதன்று. கூரையோரக் கொடுங்கையிலும் இதுவே முறை. ஆவுடையார்கோயிற் கொடுங்கையில் கல்லிலேயே மரச்சட்டமும் கம்பியும் ஆணியும் செதுக்கப்பட்டிருத்தல் யாவரும் அறிந்தது. மரக்கூரையின் வடிவைக் கல் எவ்வளவு நுணுக்கமாக நினைவில் வைத்திருக்கிறது என்பதற்கு அதுவே சான்று.

அரிக்கமேட்டில் 1945இல் வீலரும், 1947 முதல் 1950 வரை கசாலும், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லியும் அகழ்ந்தனர். அங்கு வெளிப்பட்ட செங்கற் சுவர்கள் நமக்கு இரண்டாம் விடையைத் தருவன. செங்கற்கட்டில் ஒரு வரிசைக் கல் இப்பக்கம் நீண்டால் அடுத்த வரிசைக் கல் அப்பக்கம் நீளும். மூலை என்பது விரல்கோத்த கைபோன்றது. இங்கும் சாய்வெட்டு வேண்டுவதில்லை.

மூன்றாவது சுதை. பிரெஞ்சுப் பகுதி மாளிகைகளில் சுவர்மேலும் தூண்மேலும் ஓடும் வரிப்பட்டைகள் பெரும்பாலும் சுண்ணச் சாந்தால் ஆனவை. பட்டையின் குறுக்குவடிவைத் தகட்டில் வெட்டி, அதனை ஒரு சட்டத்தின் துணைகொண்டு ஈரச்சாந்தின்மேல் இழுத்துச் செல்வர். அத்தகடு மூலையின் கடைசிவரை செல்லாது; சுவர் தடுக்கும். அவ்வெஞ்சிய இடத்தைக் கொத்தனார் கரணையால் கையாலேயே வடித்து முடிப்பார். சாந்து ஈரமாயிருக்கும்வரை புரையை அடைக்கலாம். குற்றம் தோன்றின் திருத்தலாம்.

இம்மூன்றுக்கும் மரம் மாறானது. அதற்கு நார் உண்டு. நாரின் குறுக்கே உறுப்பைச் செதுக்கினால் பொரியும். நீண்ட சட்டத்தில் நாரின் போக்கிலேயே இழைத்த பட்டையை மூலையில் திருப்ப வேண்டுமாயின், அறுத்தே ஆகவேண்டும். அறுத்த முகத்தை ஈரச்சாந்துபோல் நிரப்பவும் இயலாது. ஆகவே கோண வெட்டு ஓர் அலங்கார விருப்பமன்று. மரத்தின் இயல்பிலிருந்து எழும் கட்டாயம்.

5. கூரை மூலை

இனி எம் கொள்கையின் நடுவிடத்துக்கு வருவோம். முற்றம் உடைய தமிழ்வீட்டில் நாற்புறக் கூரையும் உள்நோக்கிச் சாய்ந்து, முற்றத்தின் நான்கு மூலையிலும் ஒன்றோடொன்று கூடும். அவ்விடத்தில் மூலைக்கை மரம் இறங்கும். வீட்டை மேலிருந்து நோக்கினால் அம்மூலைக்கை, இருபுறச் சுவருக்கும் நடுவே நேர்கோணத்தை இரு சமபங்காக்கி ஓடுதல் தெரியும். மற்றைக் கைமரங்கள் இதன்மேல் வந்து சாய்வாகச் சேர்தல் வேண்டும். அவ்வாறு சேரும் கைமரத்தின் தலையை அறுக்குங்கால், பக்கமுகத்தில் கூரைச் சாய்வுக்கேற்ற ஒரு கோணமும் மேல்முகத்தில் மூலைக்கேற்ற மற்றொரு கோணமும் ஆக இரு கோணங்கள் ஒரே அறுப்பில் அமைய வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டுத் தருவோம். கைமரத்தின் கிடைவீச்சு 4 அடி, ஏற்றம் 3 அடி எனில் அதன் நீளம் 5 அடி. மூலைக்கையின் ஏற்றமும் அதே 3 அடிதான். ஆனால் அதன் கிடைவீச்சு 4 அடிச் சதுரத்தின் மூலைவிட்டமாகிய 5.66 அடி. எனவே மூலைக்கையின் நீளம் ஏறத்தாழ 6.4 அடி. ஏற்றம் ஒன்றாயிருக்க வீச்சு மிகுதலின், மூலைக்கையின் சாய்வு குறைகின்றது. இதனை உணராத தச்சன் ஒரு நாளும் முற்றக்கூரை வேய்ந்திரான். சிற்பநூல்கள் கைமரத்தை லுபை என்றும், கேரளத் தச்சுநூல்கள் மூலைக்கையைக் கோடிலுபை என்றும் வழங்கி, அவற்றின் நீளத்தைக் காணும் வழிகளைக் கூறுகின்றன.

சுவரும் மேல்தளமும் கூடும் இடத்தில் சாய்ந்து நிற்கும் ஓரப்பட்டை மூலையில் திரும்பும்போது எழுவதும் இவ்விரட்டைக் கோணமே. சுவரோடு ஒட்டி நிமிர்ந்து நிற்கும் பலகைக்கு முகவெட்டு நேராகவும் விளிம்புச்சாய்வு 45 பாகையாகவும் இருக்கும். தளத்தோடு ஒட்டிப் படுத்திருக்கும் பலகைக்கு முகவெட்டு 45 பாகை, விளிம்புச்சாய்வு இல்லை. இரண்டிற்கும் நடுவே 45 பாகை சாய்ந்து நிற்கும் பலகைக்கோ முகவெட்டு ஏறத்தாழ 35.3 பாகை; விளிம்புச்சாய்வு 30 பாகை. சுவரிலிருந்து 38 பாகை சாய்ந்ததாயின் அவை முறையே 31.6, 33.9 ஆகும். எங்கும் 45 என்று அறுப்போர் இவ்விடத்தில் இடர்ப்படுவர். கூரையில் மூலைக்கை கண்ட கையோ இடர்ப்படாது. பிரெஞ்சு வீட்டு ஓரப்பட்டையைத் தமிழ்த் தச்சர் விரைவிற் கைக்கொண்டமைக்குக் காரணம் இதுவே என்க. அவர்க்குப் புதிதாயிருந்தது பட்டையின் வடிவம், மூலையன்று.

6. இருவகை வீடுகளும் ஒரு நகரமும்

புதுவையின் செங்குத்தான வீதியமைப்பு, ஒல்லாந்தர் 1693 முதல் 1699 வரை நகரை ஆண்டபோது 1694இல் வரைந்த படத்தில் உருப்பெற்றது. 1761இல் ஆங்கிலேயர் நகரைக் கைப்பற்றி இடித்தபின், 1765 முதல் பிரெஞ்சுக்காரர் அதே வீதியமைப்பின்மேல் மீண்டும் கட்டினர். கடலை அடுத்த பகுதியில் ஐரோப்பியர் மாளிகைகளும், வாய்க்காலுக்கு மேற்கே தமிழர் வீடுகளும் எழுந்தன. தமிழர் வீட்டில் தெருவை நோக்கித் தாழ்வாரமும் திண்ணையும் மரத்தூண்களும் அமைந்தன. மாடியிலோ பிரெஞ்சு முறைத் தூண்களும் வரிப்பட்டைகளும் ஏறின. தினப்படிச் சேதிக்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகையிலும், கீழ்த்தளம் தமிழ் மரத்தூண்களோடும் மேல்தளம் ஐரோப்பியத் தூண்களோடும் நிற்கக் காண்கிறோம். யவனத் தச்சரும் தமிழ் வினைஞரும் கூடிய காட்சி மீண்டும் அமைந்தது எனலாம்.

சொற்களும் இதற்குச் சான்று பகரும். சன்னல், அலமாரி, மேசை, சாவி என்பன போர்த்துக்கீசியம் வழியாகத் தமிழில் வந்தவை. வீட்டின் உள்ளே புதிதாக வந்த பொருளுக்குப் புதிய பெயர் வந்தது. ஆனால் அப்பொருளைச் செய்த கருவிகளின் பெயர்களை நோக்குக: இழைப்புளி, கொட்டாப்புளி, வாய்ச்சி, மூலைமட்டம், கவராயம், தூக்குக்குண்டு. இவை மாறவில்லை. பொருள் வந்தது, கை மாறவில்லை என்பதை மொழியே கூறுகின்றது.

மாளிகைகளின் மேல்தளமும் நம் ஆராய்ச்சிக்கு உரியது. தேக்கு உத்தரங்களின்மேல் சிறு சட்டங்களைப் பரப்பி, அவற்றின்மேல் சிறு செங்கற்களைச் சுண்ணச்சாந்தில் விளிம்பு நிறுத்தி மூலைவாட்டாகப் பதிக்கும் தளமுறை சென்னையிலும் புதுவையிலும் வழங்கியது. கொத்தனாருக்கும் மூலைவாட்டு அன்றாடப் பழக்கமாயிருந்தது என்பது இதனால் தெளிவாம்.

7. அளக்கும் முறை

சதுரத்தின் மூலைவிட்டத்தை அறிதல் கோண வெட்டுக்கு முதற்படி. போதாயனர் பெயரால் இக்காலத்து மேடைகளில் ஒரு தமிழ்ச்செய்யுள் எடுத்துரைக்கப்படுகின்றது. நெடிய பக்கத்தில் எட்டில் ஒரு பங்கைக் கழித்து, குறிய பக்கத்தின் பாதியைக் கூட்டினால் மூலைவிட்டம் வரும் என்பது அதன் கருத்து. பக்கங்கள் 4, 3 எனில் விடை 5, பிழை இல்லை. இதனால் மகிழ்வோர் சதுரத்தில் இதனைச் சோதிப்பதில்லை. பக்கம் 24 அங்குலமாயின் இவ்விதி 33 அங்குலம் என்னும். உண்மையோ 33.94 அங்குலம். ஏறத்தாழ ஓர் அங்குலம், அதாவது ஏழு நூலுக்கு மேல், குறைகின்றது. மூலைமட்டம் பார்க்கும் தச்சனுக்கு இது பெருங்கேடு.

வடமொழிப் போதாயன சுல்ப சூத்திரம் கூறும் வழியோ வேறு. பக்கத்தோடு அதன் மூன்றில் ஒன்றைக் கூட்டி, அம்மூன்றிலொன்றின் நான்கில் ஒன்றையும் கூட்டி, இறுதியிற் கூட்டியதன் முப்பத்துநான்கில் ஒன்றைக் கழிக்க வேண்டும். சிற்பநூலின் முழம் 24 அங்குலம் கொண்டது. அதனை இவ்விதிப்படி கணக்கிடுவோம்: 24, 8, 2 ஆகியன கூடி 34, அதில் கழிப்பது 2இன் முப்பத்துநான்கில் ஒன்று. விடை 33.941. கழித்தலை விட்டுவிட்டு 34 என்றே கொண்டாலும் பிழை அரை நூலை எட்டாது. ஒரு முழத்துக்கு மூலைவிட்டம் 34 அங்குலம் என்று நினைவில் வைத்தால் கயிறு ஒன்றே போதும். நாட்டுப்பற்றால் பிழையான விதியைப் போற்றுவதினும், சரியான விதியைக் கற்றுக் கைக்கொள்ளுதல் முன்னோர்க்குச் செய்யும் மேலான சிறப்பாகும்.

ஆயின், வீட்டு மூலை எப்பொழுதும் நேர்கோணமாய் இருப்பதில்லை. சாந்து பூசிய சுவர் மூலையில் தடித்திருக்கும். பழைய சுவர் அசைந்திருக்கும். சட்டங்கள் கூடும் கோணம் 92 பாகையாயிருக்க இரு துண்டையும் 45 பாகையில் அறுத்தால், வெளிமூலை கூடி உள்மூலை வாய் திறக்கும். 88 பாகையாயின் உள்மூலை கூடி வெளிமூலை திறக்கும். மூன்று அங்குல அகலச் சட்டத்தில் இரு பாகைப் பிழை ஒரு நூலுக்கு மேற்பட்ட புரையைத் தரும். ஒரு நூற் புரையைக் கண் தவறாது காணும்.

இதற்குத் தச்சர் கையாளும் வழி எண்ணே இல்லாதது. இரு சட்டங்களையும் அவை நிற்கவேண்டிய நிலையிலேயே மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாக வைப்பர். விளிம்புகள் வெட்டிக்கொள்ளும் உட்புள்ளியையும் வெளிப்புள்ளியையும் குறிப்பர். இரண்டையும் இணைக்கும் கோடே அறுக்கும் கோடு. மூலை 92 ஆயினும் 88 ஆயினும், எட்டுப்பட்டை மண்டபத்து 135 ஆயினும் இவ்வழி பொய்க்காது. சட்டங்களின் அகலம் வேறுபட்டாலும் பொய்க்காது. அப்பொழுது கோடு கோணத்தைச் சமமாகப் பங்கிடாது, ஆயினும் முகமும் முகமும் சரியாகவே கூடும். கோணத்தின் பெயரை அறியாமலே கோணத்தை அறிதல் இது. கோட்டைக் குறித்தபின், ஆணியில் திரும்பும் நாவுடைய சாய்மட்டத்தால் அதனை மற்றை முகங்களுக்கு மாற்றுவர். சாய்ந்த பட்டையாயின், அது சுவரில் நிற்கும் சாய்விலேயே அறுவைப்பெட்டியில் தலைகீழாக நிறுத்தி, வாளை நிமிர்த்திப் பிடித்து அறுப்பர். முற்கூறிய இரட்டைக் கோணம் இரண்டும் தாமாகவே அமைந்துவிடும்.

8. மரமும் பருவமும்

சரியாக அறுத்த மூலையும் சில திங்களில் வாய் திறப்பதுண்டு. அது தச்சன் குற்றமன்று. மரம் அகலவாக்கில் சுருங்கும். நீளவாக்கில் சுருங்குதல் மிகச் சிறிது. அகலம் குறையவே, 45 பாகையில் அறுத்த முனையின் கோணமும் குறைந்து, உள்மூலை திறக்கும். புதுவை கடற்கரை நகரம். ஐப்பசி, கார்த்திகை மழையில் மரம் ஈரம் உண்ணும். கத்திரி வெயிலில் அதனை உமிழும். மழைக்காலத்தில் அறுத்துப் பொருத்திய பட்டை கோடையில் புரை காட்டும். தேக்கு பிற மரங்களினும் குறைவாகவே சுருங்குவதால் நிலைக்கும் பட்டைக்கும் அது விரும்பப்பட்டது.

சுவரின் உள்மூலையில் இதற்கு மற்றொரு வழியும் உண்டு. ஒரு பட்டையைச் சுவர்வரை நேராக ஓடவிட்டு, மற்றதன் முனையை முன்னதன் குறுக்குவடிவுக்கு ஏற்பக் குடைந்து அதன்மேல் பொருத்துதல் அது. சுருங்கினும் புரை கண்ணுக்கு எளிதில் தோன்றாது. மேற்கட்டை மேற்கட்டையாகவும் கால் காலாகவும் நின்ற பழைய நிலையின் அறிவு இவ்வழியில் மீண்டும் தலைகாட்டுகின்றது எனலாம். ஒன்று ஓடும், மற்றொன்று அதற்கு இடங்கொடுக்கும்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், ஓரப்பட்டை ஐரோப்பிய வீட்டோடு வந்த உறுப்பு என்பதும், அதன் மூலையை அளந்து அறுக்கும் அறிவு முற்றக்கூரையிற் பயின்ற தமிழ்த் தச்சரிடம் முன்னரே இருந்தது என்பதும், புரையின்மையே தொழிலின் உரைகல் என்பது சங்ககாலம் தொட்டு வரும் கருத்து என்பதும் பெறப்பட்டன.

இவ்வாராய்ச்சி பழம்பெருமை பேசுதற்கு அன்று. புதுவை நகரமன்றக் கட்டடமாகிய ‘மேரி’ 2014 நவம்பர் 29ஆம் நாள் மழையில் இடிந்து விழுந்தது. பின்னர்ப் பழைய உருவிலேயே கட்டப்பெற்றது. வைசியாள் வீதியின் மறுசீரமைப்பு 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுப் பாதுகாப்பு வரிசையில் பாராட்டுப் பெற்றது. இவை இரண்டும் காட்டுவது ஒன்றே: பழைய மூலையை மீண்டும் கூட்டுதற்குப் பழைய கை வேண்டும். படம் இருந்தாலும் பணம் இருந்தாலும் கை இல்லையேல் புரை தீராது. இன்று ஓரப்பட்டை பிளாஸ்டிக்கிலும் அச்சுப்பலகையிலும் வருகின்றது. பொறி வாளில் 45 என்று திருப்பி அறுக்கின்றனர். எஞ்சிய புரையைப் பசையால் மூடுகின்றனர். மூலையின்மேல் சட்டத்தை வைத்துக் கோடு காணும் வழக்கம் அருகினால், அதனோடு மூலைவாட்டு, மூலைக்கை முதலிய சொற்களும் அருகும்.

சென்னைப் பல்கலைக்கழகத்துத் தமிழ்ப் பேரகராதி 1924 முதல் 1936 வரை வெளிவந்து, 1939இல் பிற்சேர்க்கையும் பெற்றது. தச்சுச் சொற்கள் பல அதனுள் சிதறிக் கிடக்கின்றன. அவற்றைத் தொகுத்து, ஒவ்வொரு சொல்லுக்கும் உரிய உறுப்பையும் வேலையையும் படத்தோடும் அளவோடும் பதிவு செய்தல் தமிழ்த்துறைகளின் கடன் என்பது எம் கருத்து. தொடங்குதற்குத் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. தவளக்குப்பம் முதலாகப் பாகூர் ஈறாக உள்ள ஊர்களில், முற்றமும் மூலைக்கையும் உடைய வீடுகள் இடிபடுமுன், மாணாக்கர் ஏணியும் முழக்கோலும் குறிப்பேடும் கொண்டு செல்வார்களாயின் போதும். இறக்கப்படும் ஒவ்வொரு கூரையிலும் நான்கு மூலைகள் உண்டு. அவற்றின் பெயரைச் சொல்லவல்ல முதியோர் இன்னும் உளர். கேட்கும் கடமை நம்முடையது.